கிளாசிக் 350: வண்டியில் நிறைவு, வெறியர்களால் சங்கடம்

ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 பற்றி எழுத வேண்டுமென்றால் வண்டியைப் பற்றி மட்டும் எழுதினால் போதாது. அதை வாங்குகிறவருக்குச் சாவியோடு சேர்த்து ஒரு கூட்டத்தின் அடையாளமும் கைக்கு வந்துவிடுகிறது. அந்தக் கூட்டத்தில் சேர விருப்பமா என்று யாரும் கேட்பதில்லை. கோவையில் வேலைக்குப் போய்வரவும், விடுமுறை நாட்களில் பொள்ளாச்சி, வால்பாறை, சத்தியமங்கலம், கொல்லிமலை என்று சுற்றிவரவும் சில ஆண்டுகளாக இந்த வண்டியைத்தான் ஓட்டுகிறேன். இவ்வளவு மனநிறைவைத் தந்த வண்டி எனக்கு வேறு வாய்த்ததில்லை. அதன்மேல் வெறிகொண்டு திரிகிறவர்களால் இவ்வளவு சங்கடப்பட்டதும் வேறு எந்த வண்டியிலும் இல்லை. வாங்க நினைக்கிறவர்களுக்கு இரண்டையும் சொல்லிவிடுவதே முறை என்று கருதுகிறேன்.

முதலில் வண்டி. 2021 செப்டம்பரில் வெளிவந்த இன்றைய கிளாசிக், 2009 முதல் விற்றுவந்த முந்தைய கிளாசிக்கின் தோற்றத்தை ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே முழுவதுமாக மாறிய வண்டி. எஞ்சின் 349 சிசி, ஒற்றை சிலிண்டர். சிலிண்டரின் விட்டம் 72 மி.மீ.தான்; ஆனால் பிஸ்டன் ஏறி இறங்கும் தொலைவு 85.8 மி.மீ. இப்படி நீண்ட ஸ்ட்ரோக் கொண்ட எஞ்சின் வேகமாகச் சுழல விரும்பாது. மாறாக, குறைந்த சுழற்சியிலேயே நல்ல இழுவையைக் கொடுக்கும். நிமிடத்துக்கு 4,000 சுழற்சியில் 27 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை, 6,100 சுழற்சியில் 20.2 குதிரைத்திறன் என்று நிறுவனம் தரும் கணக்கின் பொருள், சாலையில் இவ்வளவுதான்: நான்காவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது முன்னே போகும் டவுன் பஸ் விலகினால், கியரைக் குறைக்காமல் ஆக்சிலரேட்டரை லேசாகத் திருகினாலே வண்டி முணுமுணுப்பின்றி முன்னேறிவிடும்.

இந்த எஞ்சினின் உண்மையான சாதனை, அதிர்வைக் குறைத்ததுதான். ஒற்றைப் பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது ஏற்படும் உதறலைச் சமன்செய்ய, எதிர்த்திசையில் சுழலும் எடையுள்ள ஒரு தண்டை உள்ளே வைத்திருக்கிறார்கள். முந்தைய கிளாசிக்கில் எண்பதைத் தாண்டினால் கைப்பிடியும் காலடிக் கம்பியும் அதிர்ந்து, பக்கக் கண்ணாடியில் பின்னால் வரும் லாரி கலங்கிய உருவமாகத்தான் தெரியும். இப்போது அதே வேகத்தில் கண்ணாடியில் லாரியின் எண் பலகையைப் படிக்கலாம். வண்டியின் சட்டகமான சேசிசும் புதியது என்பதால், வளைவில் சாய்த்தால் பழைய வண்டிக்கு இருந்த தயக்கம் இதற்கு இல்லை. முன் சக்கரத்தில் 300 மி.மீ. டிஸ்க் பிரேக், பின்னால் 270 மி.மீ.; திடீரென்று பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் இரண்டு சக்கரத்துக்கும் உள்ள வகையையே வாங்க வேண்டும் என்பது என் திடமான கருத்து.

இந்த வண்டி எதற்காகப் பிறந்தது என்பதை ஆழியாறு தாண்டியதும் உணரலாம். ஆழியாறு சோதனைச்சாவடியைக் கடந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். பெரும்பாலான வளைவுகளை இரண்டாவது கியரிலேயே எடுக்கலாம். வளைவு முடிந்து நிமிரும்போது மூன்றாவதுக்குப் போட்டால், அடுத்த வளைவு வரைக்கும் அந்த இழுவையே போதும். எஞ்சினை அலறவிட வேண்டிய இடம் ஒன்றுகூட இல்லை. தொழிற்சாலையில் பூட்டிவரும் சைலன்சரோடு போனால், வண்டியின் துடிப்பு நம் காதுக்கு மட்டும் கேட்கும் அளவில் இருக்கும். அதற்கு மேல் சில்வண்டின் சத்தம் கேட்கும், மேலே எங்கோ இறங்கிவரும் பேருந்தின் ஹாரன் கேட்கும், ஈரப் பாறையில் நீர் வழியும் ஓசைகூடக் கேட்கும். அவசரமில்லாமல் ஊரைப் பார்த்துக்கொண்டு போவதற்கென்றே செய்த வண்டி இது என்று எனக்கு உறுதியாகத் தோன்றுவது அந்தச் சாலையில்தான்.

வாங்குகிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய மறுபக்கமும் உண்டு. பெட்ரோலோடு சேர்த்து 195 கிலோ எடை. 112 கிலோ எடையுள்ள ஸ்ப்ளெண்டரில் பழகியவருக்கு, ஒப்பணக்கார வீதியில் நிறுத்த இடம் தேடி இதைப் பின்னுக்குத் தள்ளும்போது கையும் இடுப்பும் நன்றாகவே வேலை செய்ய வேண்டியிருக்கும். இருக்கை உயரம் 805 மி.மீ.; உயரம் குறைவானவர்கள் ஓட்டிப் பார்க்காமல் முன்பணம் கட்டக் கூடாது. அவர்களுக்கு இதே எஞ்சினோடு வரும் ஹன்டர் 350, 181 கிலோ எடையும் 790 மி.மீ. இருக்கையும் கொண்டது என்பதால் பொருத்தமாக அமையலாம். அவிநாசி, பெருந்துறை வழியே சேலம் செல்லும் நெடுஞ்சாலையில் தொண்ணூறு வரை சுகமாகப் போகும். நூறைத் தாண்டினால் எஞ்சின் மூச்சுமுட்டுவது தெரியும். கம்பிச் சக்கரம் உள்ள வகைகளில் டயருக்குள் டியூப் இருப்பதால், பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றித்தான் ஆக வேண்டும். மலைப் பயணம் அதிகம் போகிறவர்கள் டியூப் இல்லாத டயரோடு வரும் அலாய் சக்கர வகையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. மைலேஜ் எனக்கு லிட்டருக்கு 35 கிலோமீட்டரை ஒட்டிக் கிடைக்கிறது. 13 லிட்டர் டேங்குக்கு அது தாராளம்.

இனி மனிதர்களுக்கு வருகிறேன். இந்த வண்டியின்மேல் பற்று வைப்பது கொங்கு நாட்டில் நேற்று வந்த பழக்கமல்ல. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து, திருவொற்றியூரில் புல்லட் தயாரிக்கத் தொடங்கிய காலந்தொட்டு, இங்கே மில் முதலாளிகளும், காவல் ஆய்வாளர்களும், தென்னந்தோப்பு வைத்திருந்த தோட்டத்துக்காரர்களும் அதை ஓட்டியிருக்கிறார்கள். வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்ட அந்த வண்டிக்குக் கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். கிளப்புவதற்கு முன் ஆம்பியர் முள்ளைப் பார்த்துக்கொண்டே கிக்கரை மெல்ல மிதித்து, முள் நடுவுக்கு வந்ததும் சிலிண்டரின் அழுத்தத்தை விடுவிக்கும் டீகம்ப்ரெசர் நெம்புகோலை அழுத்திப் பிஸ்டனைச் சற்றே தள்ளிவிட்டு, பிறகு ஒரே மிதியாக மிதிக்க வேண்டும். தவறினால் கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்காலைப் பதம் பார்க்கும். தீப்பொறிக்கான பாயின்ட் இடைவெளியும், வால்வுக்கான டேப்பெட் இடைவெளியும் பார்க்கத் தெரியாதவர் அந்த வண்டியை வைத்திருக்கவே முடியாது. லேத்தும் பவுண்டரியும் பம்ப்செட்டும் நிறைந்த கோவையில் அப்படிப்பட்ட அறிவுக்குக் குறைவும் இருந்ததில்லை. அந்தத் தலைமுறையின் பற்று, வண்டியோடு பட்ட பாட்டிலிருந்து வந்தது. அதை நான் மதிக்கிறேன்; அவர்களிடம் கேட்டுக் கற்றது நிறைய.

இன்று பார்க்கும் வெறி அந்தப் பற்றின் தொடர்ச்சியாக எனக்குத் தெரியவில்லை. வண்டி வந்த முதல் மாதத்திலேயே தொழிற்சாலைச் சைலன்சரைக் கழற்றி மூலையில் எறிந்துவிட்டு, பஞ்சாப் சைலன்சர் என்றும் இந்தோரி என்றும் கடைகளில் விற்கும் வெற்றுக் குழாய்களைப் பூட்டுகிறார்கள். ஓடும் வண்டியின் சாவியை அணைத்துப் போட்டு வெடிச்சத்தம் எழுப்புவதற்கென்றே சிலர் இரவில் வீதிக்கு வருகிறார்கள். பல ஆண்டு உழைப்பில் பொறியாளர்கள் எஞ்சினை அமைதியாக்கிக் கொடுத்திருக்க, அந்த அமைதியையே குறையென்று சொல்கிறவர்கள் அந்த எஞ்சினைப் புரிந்துகொண்டவர்கள் என்று நான் நம்பவில்லை. அதிர்வு போனதால் ‘புல்லட்டின் உயிரே போய்விட்டது’ என்று இவர்கள் வாதிடும்போது, என்னால் மறுமொழி சொல்லாமல் இருக்க முடிவதில்லை. உயிர் என்று இவர்கள் சொல்வது, நீண்ட தூரம் போனவரின் விரல்களை மரத்துப்போகச் செய்த அதே உதறலைத்தான்.

பொள்ளாச்சிச் சாலையில் ஒரு பட்டறையில் செயினை இறுக்கக் கொடுத்துவிட்டு நின்றிருந்தபோது, அங்கே வேலை செய்யும் இளைஞர் அக்கறையோடுதான் கேட்டார்: “ஏனுங்ண்ணா, கம்பெனி சைலன்சரையே வச்சிருக்கறீங்க? ரோட்டுல போனா புல்லட் வருதுன்னு ஆருக்குங்ண்ணா தெரியும்?” தெரிய வேண்டாம் தம்பி, என்றேன். அவர் நம்பவில்லை. அடுத்திருந்த வண்டியின் குழாயைக் காட்டி, அதன் உள்ளே தடுப்பு எதுவும் இல்லை என்றும், ஒரு மணி நேரத்தில் மாற்றித் தருவதாகவும், பழையதைக் கடையிலேயே வைத்துக்கொண்டு போலீஸ் கெடுபிடி வரும் நாட்களில் மட்டும் திரும்பப் பூட்டிக்கொள்ளலாம் என்றும் விளக்கினார். அவர் கெட்டவரல்லர். தம் வாடிக்கையாளர்கள் நாள்தோறும் கேட்பதை எனக்கும் தர முன்வந்தார். ‘ஆருக்குத் தெரியும்’ என்ற அந்தக் கேள்வியில்தான் இந்த வெறியின் வேர் இருக்கிறது: வண்டி தனக்கு எப்படி இருக்கிறது என்பதைவிட, வீதியில் உள்ளவர்கள் அதைக் கவனித்தார்களா என்பதே அவர்களுக்குப் பெரிதாகிவிட்டது.

அந்தக் குழாயை மாற்றும்போது உண்மையில் என்ன நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். புகையில் உள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் வினையூக்கி மாற்றி, இன்றைய வண்டிகளில் புகைபோக்கி அமைப்பின் ஒரு பகுதி. முழு அமைப்பையும் தூக்கிவிட்டு வெற்றுக் குழாயைப் பூட்டினால் சத்தத்தோடு சேர்ந்து நச்சுப் புகையும் கூடுகிறது. 175 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வண்டிகள் ஓடும்போது எழுப்பும் ஒலி 80 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது இந்தியாவின் விதி. தொழிற்சாலையிலிருந்து வரும் வண்டி அந்தச் சோதனையில் தேறித்தான் வருகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவு, ஒலி, புகை வரம்பை மீறுவோருக்கு 3 மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ அல்லது இரண்டுமோ, அத்துடன் 3 மாதம் உரிமத் தகுதியிழப்பும் என்று சொல்கிறது. நாட்டின் பல ஊர்களில் போலீசார் பறிமுதல் செய்த சைலன்சர்களைச் சாலையில் வரிசையாகப் பரப்பி ரோடு ரோலரால் நசுக்கிய படங்களைப் பார்த்திருப்பீர்கள். அவ்வளவுக்குப் பிறகும் வாங்குகிறவர்கள் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஊருக்குள் இந்தச் சத்தம் தொல்லை. மலையில் அது கொடுமை. வால்பாறைச் சாலையின் ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூ பாயின்ட் என்று சொல்லப்படும் இடத்தில், கீழே ஆழியாறு அணை முழுவதும் தெரியும். தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு சாலையோரத்துக்கே வந்து மேயும் இடங்களில் அதுவும் ஒன்று. ஒரு காலைப் பொழுதில், தடுப்புச் சுவரை ஒட்டித் தாயும் குட்டியுமாக இரண்டு வரையாடுகள் புல்லைக் கடித்துக்கொண்டிருக்க, காரில் வந்த ஒரு குடும்பம் எஞ்சினை அணைத்துவிட்டு, குழந்தையின் வாயைக் கையால் மெல்லப் பொத்தியபடி பார்த்துக்கொண்டிருந்தது. கீழ் வளைவிலிருந்து சத்தம்தான் முதலில் வந்தது. பிறகு பதினைந்து, இருபது வண்டிகள். ஒரே நிறச் சட்டை, கைப்பிடியில் லடாக்கிலிருந்து கொண்டுவந்த வண்ணக்கொடிகள். வளைவில் நின்று, படமெடுப்பதற்காக எல்லோரும் ஒருசேர ஆக்சிலரேட்டரைத் திருகினார்கள். குட்டி தாயின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டது. அடுத்த கணம் இரண்டும் செங்குத்தான பாறையில் இறங்கி மறைந்தன. அந்தக் குடும்பத்துப் பெரியவர் அவர்களைப் பார்த்தார். பிறகு சுவரோரம் அதே வண்டியோடு நின்றிருந்த என்னையும் அதே பார்வை பார்த்தார். அவரிடம் விளக்கம் சொல்ல எனக்கு வழியில்லை.

ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் நடுவே போகும் சாலை அது. வால்பாறையை ஒட்டிய புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் வண்டியில் அடிபடாமல் சாலையைக் கடக்க வேண்டும் என்று, மரத்துக்கு மரம் மேலேயே பாலம் கட்டி, காவலுக்கு ஆட்களையும் நிறுத்திப் பாடுபடுகிறார்கள். சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தின் ஊடே 27 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் திம்பம் சாலையில், விலங்குகளின் பொருட்டே இரவுப் போக்குவரத்தை உயர் நீதிமன்றம் கட்டுப்படுத்தியிருக்கிறது. 70 வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலையில் எதிரே வருபவை பெரும்பாலும் பலாவும் வாழையும் மிளகும் ஏற்றிவரும் மலைவாழ் மக்களின் வண்டிகள். இந்தச் சாலைகள் அங்கே வாழ்கிறவர்களுக்கும் விலங்குகளுக்கும் உரியவை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நாற்பது பேர் வரிசையாக வந்து, எந்த வளைவில் யார் முந்துவது என்று பார்க்கும் களமல்ல. வேகமும் சத்தமும்தான் வேண்டும் என்றால், அதற்கும் கோவையில் இடம் உண்டு. செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே 2003 முதல் இயங்குகிறது. ராயல் என்ஃபீல்டு வண்டிகளுக்கென்றே அங்கே பந்தயத் தொடர் நடக்கிறது. இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 ஓட்டுநரான நரேன் கார்த்திகேயன் இந்த ஊர்க்காரர். ஓட்டும் திறமையை முறையாகக் கற்று முறையான களத்தில் காட்டும் மரபு நம்மிடம் இருக்கும்போது, அதைக் குடியிருப்பு வீதியிலும் காட்டுச்சாலையிலும் காட்டுவானேன்?

இன்னொரு குணமும் என்னை வருத்துகிறது. மற்ற வண்டிக்காரர்களை இவர்கள் தாழ்வாகப் பார்ப்பது. ‘பிளாஸ்டிக் வண்டி’ என்றும் ‘கொசு’ என்றும் நூறு சிசி வண்டிகளைக் கேலி செய்வதைப் பேக்கரி வாசல்களில் தாராளமாகக் கேட்கலாம். திருப்பூர்ப் பனியன் கம்பெனிக்கு இரவு ஷிப்ட் போய்வருகிறவரும், விடியற்காலையில் உழவர் சந்தைக்குக் கீரைக்கட்டு ஏற்றி வருகிறவரும் ஓட்டுவது அந்த வண்டிகளைத்தான். குறைந்த பெட்ரோலில் குடும்பத்தையே சுமக்கும் அவற்றின் பொறியியல், இந்த 349 சிசி எஞ்சினுக்கு எந்த வகையிலும் தாழ்ந்ததல்ல. விலை கூடிய வண்டியில் உட்கார்ந்திருப்பதாலேயே ஒருவருக்குச் சாலையில் கூடுதல் உரிமை வந்துவிடாது.

இதையெல்லாம் எழுதும்போது அந்தக் கூட்டத்தின் நல்ல பக்கத்தை மறைக்கவும் எனக்கு மனம் வரவில்லை. நடுவழியில் வண்டி நின்றால், எதிரே வரும் என்ஃபீல்டுக்காரர் அநேகமாக நிறுத்திக் கேட்பார். மழையில் வால்பாறைச் சாலையில் அட்டகட்டிக்கு அருகே கிளட்ச் கேபிள் அறுந்து நின்றபோது, முன்பின் அறியாத இரு இளைஞர்கள் தங்கள் பையிலிருந்து கேபிளை எடுத்து மாட்டிக் கொடுத்துவிட்டு, காசு வாங்க மறுத்துப் போனார்கள். “வழியில ஆராச்சும் நின்னா நீங்க நிறுத்துங்ண்ணா, அது போதும்” என்றார் ஒருவர். அவர்களுடைய வண்டிகளிலும் வெற்றுக் குழாய்தான். கிளம்பிப் போனபோது மலை அதிர்ந்தது. நன்றியும் வருத்தமும் ஒரே நேரத்தில் என்னிடம் இருந்தன, இரண்டும் மெய்யானவை. இவ்வளவு இரக்கமுள்ளவர்களுக்கு, தங்கள் சத்தத்தால் பிறர் படும் துன்பம் மட்டும் கண்ணில் படாமல் போவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வண்டியையே தங்கள் அடையாளமாக ஆக்கிக்கொண்டுவிட்டதால், அதைப் பற்றிய எந்தச் சொல்லும் தங்களைப் பற்றியதாக அவர்களுக்குப் படுகிறது. சைலன்சரை மாற்றச் சொன்னால், பெயரை மாற்றச் சொன்னதுபோல் கோபம் வருகிறது.

எனவே, வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு: தாராளமாக வாங்குங்கள். 2025 செப்டம்பரில் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்த பிறகு விலையும் முன்பைவிட எட்டும் தொலைவில் இருக்கிறது. 2024க்குப் பிறகு வந்தவற்றில் எல்இடி முகப்பு விளக்கு உண்டு. மலையில் பனியிலும் மழையிலும் வண்டியை எடுக்கிறவர்களுக்கு அது உதவும். கூடுதல் சாமான்களில், கால்களைக் காக்கும் கிராஷ் கார்டும், பின்னால் உட்காருகிறவருக்கு முதுகுச் சாய்மானமும் மட்டும் போதும். குழுக்களில் சேர விரும்பினால், முதல் பயணத்துக்கு முன்பே அவர்களிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: காட்டுச்சாலையில் எத்தனை வண்டிகளாகப் பிரிந்து போவார்கள், சைலன்சர் மாற்றிய வண்டிகளை அனுமதிக்கிறார்களா. பதிலிலேயே அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பது தெரிந்துவிடும்.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. கொங்கு வட்டாரத்தில் கைமாறும் கிளாசிக்குகளில் சைலன்சர் மாற்றப்பட்டவை நிறைய. ‘இன்னும் பத்தாயிரம் செலவு செய்து போட்டதுங்க’ என்று அதைக் காட்டியே விலையை ஏற்றிச் சொல்வார்கள். அதை மதிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தொழிற்சாலைச் சைலன்சர் கையில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இருந்தால் அதைப் பூட்டச் சொல்லி, எஞ்சின் நன்றாகச் சூடாகும்வரை ஓட்டிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். இல்லையென்றால், புதிய சைலன்சரின் விலையைச் சர்வீஸ் சென்டரில் விசாரித்து அந்தத் தொகையைக் கழித்துக் கேளுங்கள்.